கிணற்றடியில் புதைத்த பூச்சாடியின் வயது

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில், புதுக்குடியிருப்பில் இருந்த எங்கள் வீட்டை விட்டுப் புறப்படுவதற்கு முதல்நாள் இரவு, அம்மா கிணற்றுக்கட்டிலிருந்து பதினொரு காலடி எண்ணி நடந்து, தேசிமரத்துக்கு நேரே ஒரு கிடங்கு வெட்டச் சொன்னார். பெரிய அலுமினியக் கிடாரம் ஒன்றில் உமியைக் கொட்டி, அதன் நடுவில் இரண்டு பூச்சாடிகளைப் பழைய சாரத்தில் சுற்றி வைத்து, மேலும் உமியால் நிரப்பி மூடினோம். காணி உறுதியும் கொஞ்ச நகையும் எங்களோடு வந்தன. கண்ணாடி மண்ணுக்குள் போனது. 2011இல் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, தேசிமரமும் இல்லை. கிணற்றுக்கட்டு மட்டும் நின்றது. அம்மா அதே பதினொரு காலடியை மறுபடி எண்ணினார். கிடாரத்தின் மூடி அமுங்கி, உமி கறுத்த சேறாகியிருந்தது. இரண்டு பூச்சாடிகளும் உடையாமல் வந்தன.

இப்போது அவை முள்ளியவளையில் என் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. ஒன்று, ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் உயரமான, வைரம்போல் பட்டைகள் கொண்ட நிறமற்ற பூச்சாடி. அதை எங்கள் வீட்டில் எல்லோரும் ‘பளிங்கு’ என்றே சொல்வார்கள். 1938இல் அம்மம்மாவின் கல்யாணத்துக்கு, மலாயாவில் ரயில்வேயில் வேலை பார்த்த அவருடைய தாய்மாமன் கொண்டுவந்து கொடுத்தது என்பது குடும்பக் கதை. மற்றது, ஒரு கை பிடித்திருப்பதுபோல் செய்யப்பட்ட, செம்மஞ்சள் நிறத்தில் மயிற்கழுத்துபோல் மினுங்கும் மெல்லிய பூச்சாடி. அது அப்பாவின் தமக்கை, எங்கள் மாமி, மதுரைக்கும் இராமேஸ்வரத்துக்கும் யாத்திரை போய்வந்தபோது வாங்கியது. முதலாவதற்கு வீட்டில் மரியாதை அதிகம். இரண்டாவதைத் திருவிழாக் கடைச் சாமான் என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். இரண்டிலும் செய்தவர் பெயரோ நாட்டின் பெயரோ இல்லை.

நான் முப்பது ஆண்டுகள் இரசாயனவியல் படிப்பித்தவள். என்னிடம் படித்தவர்கள், தங்கள் வீடுகளில் எஞ்சிய கண்ணாடிப் பாத்திரங்களைப் படமெடுத்து அனுப்பி, “ரீச்சர், இது எந்தக் காலத்துச் சாமான்?” என்று கேட்கிறார்கள். படத்தைப் பார்த்து வயது சொல்ல முடியாது என்பதையே ஒவ்வொருவருக்கும் எழுதிக்கொண்டிருந்தேன். கையில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு சொல்லலாம் என்பதை, என்னுடைய இரண்டையும் வைத்து இங்கே விரிவாக எழுதுகிறேன்.

குறி இல்லாதது போலியின் அடையாளம் அல்ல. பெரும்பாலான தொழிற்சாலைகள் கடதாசிச் சீட்டைத்தான் ஒட்டின. முதல்தரம் கழுவும்போதே அது போய்விடும். 1967இல் மரப்பட்டை போன்ற சொரசொரப்பான பூச்சாடிகளை வெளியிட்டுப் பெயர் பெற்ற இங்கிலாந்தின் வைட்பிரையர்ஸ் நிறுவனத்தின் சாடிகள்கூட, சீட்டுப் போனபின் குறியில்லாமலே நிற்கின்றன. நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்று 1890இல் சட்டம் கொண்டுவந்தது அமெரிக்கா. இலங்கைக்கு வந்த சரக்குக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே ‘நாட்டின் பெயர் இல்லை, எனவே 1890க்கு முந்தியது’ என்று இங்கே யாரும் வாதாடக் கூடாது.

ஆனாலும், குறி இல்லை என்று தீர்மானிப்பதற்கு முன் நன்றாகத் தேட வேண்டும். அழுத்தி வார்த்த ஆங்கிலேயக் கண்ணாடிகளில் குறி சில வேளை அடியின் உட்பக்கத்தில் இருக்கும். சவெர்பி நிறுவனத்தின் மயிற்றலை அப்படிப்பட்டது. 1842 முதல் 1883 வரை சாய்சதுர வடிவில் ஒரு பதிவுச் சின்னமும், 1884இலிருந்து தொடர் எண்ணும் இட்டார்கள். தேய்ந்த எழுத்தைக் கண்டுபிடிக்க நான் திருநீற்றையே பயன்படுத்துகிறேன். நன்றாக உலர்ந்த அடியில் சிறிது திருநீற்றை விரலால் தேய்த்து, உலர்ந்த துணியால் மெதுவாக ஒற்றி எடுத்தால், எழுத்து இருக்குமானால் அதன் பள்ளத்தில் வெண்மை தங்கும். பிறகு ரோச் லைற்றைச் சரித்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். என்னுடைய இரண்டிலும் எதுவும் தங்கவில்லை.

இனிச் செய்த முறையைப் படிக்க வேண்டும், கண்ணைவிட விரலே இங்கே நல்ல கருவி. அச்சில்லாமல் வாயால் ஊதிச் செய்த சாடிக்குப் பொருத்துக்கோடு, அதாவது அச்சின் துண்டுகள் சேரும் இடத்தில் விழும் கோடு, கிடையாது. ஊதிய குழலிலிருந்து பிரித்து வாயைத் திருத்தும்போது, அடியில் ஓர் இரும்புக் கோலை ஒட்டித் தாங்கிப் பிடிப்பார்கள். பின்னர் கோலைத் தட்டிக் கழற்றும்போது அடியின் நடுவில் ஒரு கரடான தழும்பு மிஞ்சும், அல்லது அதைத் தேய்த்து மெருகிட்ட வட்டப் பள்ளம் இருக்கும். அச்சுக்குள் ஊதியதாக இருந்தால் வெளியே பொருத்துக்கோடு தெரியும்; உள்ளே விரலை விட்டால், வெளியே மேடாக இருக்கும் இடம் உள்ளே பள்ளமாக இருக்கும். அச்சில் கண்ணாடிக் குழம்பை இட்டு மேலிருந்து உலக்கைபோன்ற இரும்பால் அழுத்திச் செய்ததில், வெளியே எத்தனை பூவேலை இருந்தாலும் உட்சுவர் வழுவழுப்பாகவே இருக்கும். இந்த அழுத்து முறை 1820களில் அமெரிக்காவில் வளர்ந்து, அடுத்த பத்தாண்டில் இங்கிலாந்துக்கும் பரவியது.

அம்மம்மாவின் பூச்சாடிக்குள் கையை விட்டபோதே எனக்கு விளங்கிவிட்டது. வெளியே அத்தனை பட்டை, உள்ளே ஒரு மேடுபள்ளம் இல்லை. வெட்டுக் கண்ணாடியின் பட்டை விளிம்பு சக்கரத்தால் அறுக்கப்படுவதால் விரலைக் கீறுவதுபோல் கூராக இருக்கும். இதன் விளிம்போ சவர்க்காரக் கட்டியின் ஓரம்போல் மழுங்கியிருந்தது. பட்டைகளின் இடுக்கில் மேலிருந்து கீழாக மூன்று இடங்களில் மயிரிழைபோல் பொருத்துக்கோடு இறங்குகிறது. கோடுகளைப் பூவேலைக்குள் ஒளிப்பது அச்சு வெட்டியவரின் திறமை. முதல் கோட்டைக் கண்டுபிடிக்க எனக்கு அரைமணி நேரம் பிடித்தது.

இவ்விடத்தில் ஒரு தவறான விதியைச் சொல்ல வேண்டும். பொருத்துக்கோடு வாய்விளிம்பு வரை ஏறினால் 1903இல் ஓவன்ஸ் கண்டுபிடித்த தானியங்கி இயந்திரத்துக்குப் பிந்தியது, ஏறாவிட்டால் முந்தியது என்று பலர் எழுதுகிறார்கள். அது போத்தலுக்கான விதி. பூச்சாடியின் வாயை அச்சிலிருந்து எடுத்தபின் மறுபடி நெருப்பில் காட்டி மழமழப்பாக்குவார்கள். அப்போது கோடு உருகி மறைந்துவிடும். போத்தல் விதியைச் சாடிக்குப் போட்டால் ஐம்பது ஆண்டு எளிதாகப் பிசகும்.

அழுத்தி வார்த்தது என்று தெரிந்தது. ஆனால் ஈயக் கண்ணாடியாகவும் இருக்கலாம் அல்லவா? ஜோர்ஜ் ரேவன்ஸ்குரொஃப்ட் 1674இல் காப்புரிமை பெற்ற ஈயக் கண்ணாடியைத்தான் நம்மவர்கள் பளிங்கு என்கிறார்கள். விரலால் சுண்டினால் நீண்டு ஒலிக்கும் என்பது உண்மையே என்றாலும், மெல்லிய சாதாரணக் கண்ணாடியும் ஒலிக்கும், தடித்த ஈயக் கண்ணாடி ஒலிக்காமலும் போகும். அடர்த்தி பொய் சொல்லாது. எட்டாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய ஆக்கிமிடீசின் சோதனை போதும். முதலில் உலர்ந்த சாடியை நிறுத்தேன்: 1184 கிராம். பிறகு முக்கால்வாசி தண்ணீர் உள்ள வாளியைத் தராசில் வைத்து, அளவைக் குறித்துக்கொண்டு, சாடியை நைலோன் கயிற்றில் கட்டி, வாளியின் அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுவதும் அமிழப் பிடித்தேன். பட்டைகளின் இடுக்கில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்குப் பிழைக்கும் என்பதால், தண்ணீருக்குள் வைத்தே அதை இருமுறை சரித்து எடுத்தேன். தராசு கூடுதலாகக் காட்டியது 473 கிராம். அதாவது கண்ணாடியின் கனவளவு 473 மில்லிலீற்றர். வகுத்தால் 2.5. சோடாவும் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த சாதாரணக் கண்ணாடியின் அடர்த்தி அதுதான். முழு ஈயக் கண்ணாடி 3.1 அளவில் நிற்கும். அப்படியானால் இந்தச் சாடி இன்னும் அரை இறாத்தலுக்குக் குறையாமல் கூடுதலாக நிறுத்திருக்கும். அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

அடுத்தது நிறம். நிறமற்ற கண்ணாடி என்று ஒன்று இயல்பாகக் கிடையாது. மணலில் உள்ள இரும்பு அதற்குப் பச்சைச் சாயல் கொடுக்கும். வள்ளிபுரத்து வெள்ளை மணலும் நாத்தாண்டியா மணலும் கண்ணாடிக்கு உகந்தவை என்று பெயர் பெற்றதற்கு, அவற்றில் சிலிக்கா மிகுந்து இரும்பு குறைந்திருப்பதே காரணம். அந்தப் பச்சையை அடக்க முன்பு மங்கனீசைச் சேர்த்தார்கள். முதலாம் உலகப்போர்க் காலத்தை ஒட்டிப் பல தொழிற்சாலைகள் அதை விட்டுச் செலனியத்துக்கு மாறின. மங்கனீசு சேர்ந்த கண்ணாடி நெடுங்காலம் வெயில் பட்டால் மெல்லிய ஊதா ஏறும். செலனியம் சேர்ந்தது வைக்கோல் நிறம் கொள்ளும். எங்கள் சாடியை வெள்ளைக் கடதாசியின் மேல் வைத்து, தடித்த அடிப்பாகத்தைப் பக்கவாட்டில் பார்த்தால், நாவற்பழம் தின்ற நாக்கின் ஓரம்போல் மிகவும் வெளிறிய ஊதா தெரிகிறது. பல பத்தாண்டுகள் அது கிழக்குச் சன்னலில் நின்றதை நான் அறிவேன். காசுத்தாள் சோதிக்கும் கழியூதா லைற்றை இருட்டறையில் பிடித்தபோது மங்கலான பச்சை ஒளியும் வந்தது; அதுவும் மங்கனீசையே காட்டுகிறது.

அதே லைற்றில் பளிச்சென்று இளவாழை இலைபோல் எரிந்தால் அது யுரேனியம். 1830களில் பொகீமியாவில் யோசெப் ரீடல் அந்த மஞ்சளையும் பச்சையையும் செய்து, மனைவி அன்னாவின் பெயரை அவற்றுக்கு வைத்தார். மாங்குளத்தில் என் மாணவி ஒருத்தியின் வீட்டில், ஊதுபத்தி குத்தி வைத்திருந்த சிறிய மஞ்சட்பச்சைச் சாடி அப்படி எரிந்ததைக் கண்டு எல்லோரும் வாயடைத்து நின்றோம். அதை அலுமாரியில் வைத்திருப்பதால் தீங்கில்லை; உணவு வைக்க வேண்டாம், உடைந்தால் தூளைக் கையாள வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். கிளிநொச்சியில் வேறொருவர் வீட்டுச் சாடி வெயிலில் ஊதாவாகவும் ரியூப் லைற்றின் கீழ் நீலமாகவும் தெரிந்தது. அது நியோடிமியம் என்ற உலோகம் சேர்ந்த கண்ணாடி. அந்த வகை 1920களில்தான் சந்தைக்கு வந்தது. ஆகவே அதற்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது. குறியில்லாக் கண்ணாடி தருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஓர் எல்லையைத்தான். ‘இதற்கு முன் இருக்க முடியாது’ என்பதைப் பொருளும் செய்முறையும் சொல்லும். ‘இதற்குப் பின் இருக்க முடியாது’ என்பதை வீட்டு நினைவும் தேய்மானமும் சொல்ல வேண்டும்.

வீட்டு நினைவையும் உரசிப் பார்க்காமல் ஏற்கக் கூடாது. அந்தச் சாடி அம்மாவின் சிறுவயதில் ‘ஈழநாடு’ பத்திரிகைத் தாளில் சுற்றி வைக்கப்பட்டிருந்ததாம். அந்தப் பத்திரிகை 1959இல் தொடங்கியது. ஆனால் அது சுற்றிவைத்த காலத்தைத்தான் சொல்லும், செய்த காலத்தை அல்ல. நம் நாட்டுக்கு இன்னுமொரு தடயம் உண்டு: 1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. கடையில் புதிதாக வாங்கிய வெளிநாட்டுக் கண்ணாடி என்றால், பெரும்பாலும் அதற்கு முந்தியது அல்லது 1977இல் சந்தை திறந்ததற்குப் பிந்தியது என்று இரண்டாகப் பிரிக்கலாம்.

மாமியின் பூச்சாடிக்கு வருகிறேன். நெடுநாள் இதற்கு நாங்கள் நியாயம் செய்யவில்லை. நூற்றாண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்த கண்ணாடியின் மேற்பரப்பு ஏடு ஏடாகச் சிதைந்து, வானவில்போல் மினுங்கும். மன்னார்ப் பக்கம் மாந்தையில் 1980களில் நடந்த அகழாய்வில் பழங்காலக் கண்ணாடிப் பாத்திரத் துண்டுகளும் மணிகளும் வந்தன. நம் மண்ணுக்குக் கண்ணாடி புதிதல்ல. அந்தப் புதைந்த மினுக்கத்தின் அழகில் மயங்கியே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் டிஃபனியும் பொகீமியாவில் லோட்சும் உலோக உப்புகளைக் கொண்டு அதைச் செயற்கையாக உண்டாக்கினார்கள். 1907இல் அமெரிக்காவின் ஃபென்ரன் நிறுவனம் அதையே அழுத்தி வார்த்த கண்ணாடியின் மேல் விசிறி, மலிவாக எல்லோர் வீட்டுக்கும் கொண்டு சேர்த்தது. கார்னிவல் கண்ணாடி என்பது அதன் பெயர். இந்தியாவில் ஃபிரோசாபாத்தில் ஜெயின் கண்ணாடித் தொழிற்சாலை அதே மினுங்கும் பூச்சோடு யானை, மீன், கை ஆகிய உருவங்களில் பூச்சாடிகளைச் செய்தது. சிலவற்றில் பெயர் உண்டு, பலவற்றில் இல்லை.

மாமியின் சாடியில் நிறம் வெளித்தோலில் மட்டுமே இருக்கிறது. அடியைத் திருப்பினால் கண்ணாடி நிறமற்றது. வாய்விளிம்பு நெருப்பில் திருத்தப்படாமல் கல்லில் தேய்த்துத் தட்டையாக்கப்பட்டிருக்கிறது. உள்ளே விரல்களின் மேடு பள்ளமாகத் தெரிவதால் அச்சுக்குள் ஊதியது என்பது உறுதி. பாம்பன் பாலம் 1914இல் திறந்த பின், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலேறி ரயிலில் மதுரை போவது நம்மவர்க்கு வழக்கம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. மாமி தனுஷ்கோடியில் இறங்கியதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனவே அது 1930களுக்கும் 1964க்கும் இடைப்பட்டது, ஃபிரோசாபாத் வேலை என்று எழுதிவைத்திருக்கிறேன். எந்தத் தொழிற்சாலை என்று எழுதவில்லை. உருவம் ஒத்தது என்பதற்காகப் பெயரை ஏற்றிவிடுவது இந்தத் துறையில் மிகப் பெரிய பிழை. அச்சுகள் கைமாறும், ஒரு நாட்டின் வடிவத்தை இன்னொரு நாடு பார்த்துச் செய்யும்.

ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். மண்ணிலிருந்து எடுத்தவுடன், உமிக்கறை போகட்டும் என்று மாமியின் சாடியைத் தும்பாலும் மணலாலும் தேய்த்துவிட்டேன். மணிக்கட்டுப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றியளவு மினுக்கம் போய்விட்டது, அது திரும்பாது. நம் கிணற்றுத் தண்ணீரின் கல்சியப் படலத்தை வினாகிரியில் ஊறவிட்டு அகற்றலாம், ஆனால் மேற்பூச்சு உள்ள கண்ணாடியில் வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய துணியும் தவிர எதையும் கொண்டுபோகாதீர்கள்.

தேய்மானத்தைப் படிப்பதையும் அனுபவப்பட்டே கற்றேன். வவுனியாவில் ஒரு பழஞ்சாமான் கடையில், நூறு வருடம் பழையது என்ற பேச்சை நம்பிப் பச்சைச் சாடி ஒன்று வாங்கினேன். உண்மையான தேய்மானம் அடியின் தரையில் படும் வளையத்தில் மட்டும், எல்லாத் திசையிலும் கீறல்களாகச் சேர்ந்து வெண்மையாகத் தெரியும். வீட்டுக்கு வந்து உருப்பெருக்கியால் பார்த்தபோது, தரையில் படாத நடுப்பள்ளத்திலும் கீறல்கள், அவை அனைத்தும் ஒரே திசையில், உப்புத்தாளால் இழுத்ததுபோல். அந்தச் சாடியில் இப்போது மணிபிளான்ற் வளர்கிறது.

அம்மம்மாவின் சாடியை அதே உருப்பெருக்கியால் பார்த்தபோதுதான் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. அடி வளையத்தில் நேர்மையான தேய்மானம் இருந்தது. அதோடு உட்புறத்தில், வாயிலிருந்து நாலு விரல் கீழே, சுற்றிலும் ஒரு வளையமாகக் கீறல். பூத்தண்டு கண்ணாடியைக் கீறாது. இதைப் பெரியம்மாவிடம் கேட்டேன். எண்பத்தாறு வயதில் அவர் சற்றும் யோசிக்காமல், “அதுக்குள்ள ஓட்டைக் கண்ணாடி ஒண்டு இருந்ததெல்லே பிள்ளை? ஏழுகண் எண்டு சொல்லுவம். அதைக் கண்ணில வைச்சுக் கோயில் வெளிச்சத்தைப் பாப்பம்” என்றார்.

பூக்கள் சரியாமல் நிற்க, துளைகளில் தண்டைச் செருகும் கண்ணாடிக் கட்டி அது. கேற்ஸ்ஹெட் நகரத்து டேவிட்சன் உட்பட இங்கிலாந்தின் வார்ப்புக் கண்ணாடித் தொழிற்சாலைகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பூச்சாடியோடு சேர்த்து இதை விற்றன. அழுத்தி வார்த்தது, ஈயமில்லாதது, மங்கனீசு கலந்தது, துளைக்கட்டியோடு வந்தது, 1938இல் வீட்டில் இருந்தது: இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், 1910க்கும் 1938க்கும் இடையில் செய்த ஆங்கிலேய வேலையாக இருக்கலாம் என்ற முடிவுக்கு என்னால் வர முடிகிறது. கட்டி கிடைத்தால், அதன் துளைகளின் அமைப்பையும் விட்டத்தையும் பழைய விற்பனைப் பட்டியல்களோடு ஒப்பிட்டு, தொழிற்சாலை வரை போக முடியும். உள்வளையத்தின் விட்டத்தை அளந்து வைத்திருக்கிறேன்: 7.6 சென்ரிமீற்றர்.

பெரியம்மாவின் நினைவில் அந்தக் கட்டி கடைசியாகப் புளிப்பானையின் மூடிக்குப் பாரமாகக் குசினித் தட்டில் இருந்தது. மாரி தொடங்குமுன் தம்பியையும் கூட்டிக்கொண்டு, மணல் அரிக்கும் அரிதட்டோடு புதுக்குடியிருப்புக் காணிக்குப் போகிறேன். குசினி மூலை கிணற்றுக்கட்டிலிருந்து இருபத்துமூன்று காலடி என்று அம்மா சொல்கிறார்.